ஸ்னேர் பேட் வாங்குமுன் மாட்யூலைப் பாருங்கள்

எலெக்ட்ரானிக் டிரம்ஸ் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஸ்னேர் பேடைப் (ஸ்னேர் டிரம்முக்குப் பதிலாக அடிக்கும் பகுதி) பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். கிட்டில் அதிகம் அடி வாங்குவது அதுதான். விலையைக் குறைக்க கம்பெனிகள் முதலில் கை வைப்பதும் பெரும்பாலும் அதில்தான். அதனால் கிட் வாங்கி கொஞ்ச நாளில் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, 'ஸ்னேரை மட்டும் மாற்றிவிட்டால் போதும்' என்பது.

கேள்வி: என்னிடம் ஆரம்பநிலை மெஷ் கிட் (வலை போன்ற மேல்தோல் கொண்டது) இருக்கிறது. ஸ்னேர் 8 இன்ச். ரிம்ஷாட் அடித்தால் சில சமயம் பிடிக்கிறது, பல சமயம் வெறும் ஹெட் (மேல்தோல்) சத்தம்தான் வருகிறது. 12 இன்ச் பேட் வாங்கினால் சரியாகிவிடுமா? எதை வாங்கலாம்?

ஒரு பாதி சரியாகும். இன்னொரு பாதி, பேடின் சிக்னலைச் சத்தமாக்கும் பெட்டியான உங்கள் மாட்யூலின் கையில் இருக்கிறது, அதை எந்தப் பேடாலும் மாற்ற முடியாது.

சரியாகப்போகும் பாதியை முதலில் சொல்கிறேன். நிஜ ஸ்னேர் 14 இன்ச். அதில் ரிம்ஷாட் அடிக்கும்போது குச்சியின் நுனி ஹெட்டின் நடுப்பக்கம் விழும், குச்சியின் உடம்பு அதே நேரத்தில் ரிம்மில் (விளிம்பு வளையத்தில்) விழும். 8 இன்ச்சில் நடுவுக்கும் ரிம்முக்கும் 4 இன்ச்தான் இடைவெளி. கையை மேலும் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால்தான் இரண்டும் ஒன்றாக விழும், அதுவும் குச்சியின் சாய்வு கொஞ்சம் மாறினால் ஒன்று மட்டும் விழும். ஆக, உங்கள் கையில் குறை இல்லை. 12 இன்ச்சுக்குப் போனால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும், 10 இன்ச்சே நல்ல முன்னேற்றம்தான். கிராஸ் ஸ்டிக்குக்கும் அப்படியே. உள்ளங்கையை ஹெட்டில் வைத்துக் குச்சியைக் கிடத்தி ரிம்மில் தட்ட 8 இன்ச்சில் இடமே போதாது.

இனி மாட்யூல். மெஷ் பேடுக்குள் ஹெட்டுக்கு அடியில் ஒரு ஸ்பான்ஞ்ச் கூம்பு, அதன் கீழே காசு போல ஒரு பியெசோ தகடு. அடியின் அதிர்வை அது மின்னழுத்தமாக்கி அனுப்புகிறது, பேடின் வேலை அதோடு முடிந்தது. ரிம்முக்கு இன்னொரு பியெசோ, உடம்போடு ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு சிக்னலும் ஒரே ஸ்டீரியோ கேபிளில் போகும், பொதுவாக பிளக்கின் நுனி ஹெட்டுக்கும் நடு வளையம் ரிம்முக்கும். ஒரு சிறு கால இடைவெளிக்குள் வந்த இரண்டையும் ஒப்பிட்டு, 'இது ஹெட்', 'இது ரிம்ஷாட்' என்று முடிவெடுப்பது மாட்யூல். அந்த ஒப்பீட்டைச் செய்யும் மூளை உங்கள் மாட்யூலில் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பதுதான் கேள்வியே.

விலை குறைந்த மாட்யூல்களில் பலவற்றில் ரிம்முக்கு ஒரே ஒரு சத்தம்தான் ஒதுக்கியிருப்பார்கள். அதை ரிம்ஷாட்டாக வைத்துக்கொள்ளலாம், அல்லது கிராஸ் ஸ்டிக்காக. இரண்டும் ஒரே பாட்டில் வேண்டுமென்றால் நடுவில் பட்டனைத் தட்டி மாற்ற வேண்டியிருக்கும். நடுவில் அடித்தால் ஒரு தொனி, ஓரத்தில் அடித்தால் மெல்லிய தொனி என்று இடத்தைக் கண்டுபிடித்துச் சத்தம் மாற்றும் வசதியும் மாட்யூலில் இருந்தால்தான் உண்டு. இல்லாத மாட்யூலில் எத்தனை விலையுயர்ந்த பேடை மாட்டினாலும் ஓரத்தில் அடிப்பது சத்தம் குறைந்த நடு அடியாகத்தான் கேட்கும்.

அதனால் கடைக்குப் போகுமுன் மாட்யூலின் கையேட்டை எடுத்து டிரிக்கர் (அடியைக் கண்டுபிடிக்கும் அமைப்பு) பக்கத்தைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: ஸ்னேர் கேபிளைச் செருகும் துளை இரண்டு மண்டலங்களை (ஹெட், ரிம்) ஏற்கிறதா, எந்தெந்தப் பேட் மாடல்களின் பெயர் பட்டியலில் இருக்கிறது, டிரிக்கர் அளவுகளைக் கையால் மாற்ற விடுகிறதா. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. பட்டியலில் இல்லாத பேடைக்கூடக் கையால் அளவு மாற்ற விடும் மாட்யூலில் பெரும்பாலும் படிய வைத்துவிடலாம். பட்டியலில் உள்ளதை மட்டும் ஏற்று மற்றதெல்லாம் பூட்டி வைத்திருக்கும் மாட்யூல் என்றால் அந்தப் பட்டியலை விட்டு வெளியே போகாதீர்கள்.

ரோலண்ட் மாட்யூல் என்றால் பிடிஎக்ஸ்-100 பத்து இன்ச், பிடிஎக்ஸ்-12 பன்னிரண்டு இன்ச், இரண்டுமே ஹெட், ரிம் இரண்டுக்கும் பியெசோ கொண்டவை. வேறு கம்பெனிகளின் மெஷ் ஸ்னேர்களிலும் பல இதே பியெசோ-பியெசோ வகைதான். உங்கள் நிலையில் நான் என்றால் 12 இன்ச் எடுப்பேன். 14 இன்ச் பார்க்க அழகு, ஆனால் ஆரம்பநிலை ரேக்கில் (பேடுகளைத் தாங்கும் சட்டம்) அது டாம்களையும் ஹை-ஹாட்டையும் முட்டிக்கொண்டு நிற்கும், எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைத்தால் கை எட்டாது.

ஒன்று விட்டுப்போனது. சில ஆரம்பநிலை கிட்களில் பேடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தடித்த கேபிள் கொத்தாக மாட்யூலுக்குப் போகும். ஸ்னேருக்கான முனையில் உள்ள பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் தெரிந்தால் ஸ்டீரியோ, ஒன்றுதான் என்றால் மோனோ. மோனோ என்றால் ரிம் சிக்னல் மாட்யூல் வரை வந்து சேராது, பேடைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: நண்பர் தன் யமஹா கிட்டின் ஸ்னேர் பேடைத் தருகிறேன் என்கிறார். என்னுடையது ரோலண்ட் மாட்யூல். பிளக் ஒரே மாதிரிதானே இருக்கிறது, மாட்டலாமா?

மாட்டலாம், எதுவும் எரியாது. ஹெட் வேலை செய்யும். ரிம்தான் தகராறு செய்யும்.

பிளக் எல்லாம் 6.35 மில்லிமீட்டர் என்பதால் எல்லாம் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் என்று தோன்றுகிறது, உள்ளே ஓடும் மொழி வேறு. யமஹாவின் டிடிஎக்ஸ் வரிசையில் வந்த எக்ஸ்பி பேடுகளில் மூன்று மண்டலங்கள்: ஹெட், ரிம்மின் இரண்டு பகுதிகள். ரிம் பகுதிகளுக்கு அங்கே சுவிட்ச் முறை. அடி எவ்வளவு பலம் என்பதை ஒரு பியெசோ சொல்லும், அது எங்கே விழுந்தது என்பதைச் சுவிட்ச் சொல்லும். ரோலண்டின் மெஷ் ஸ்னேர் துளையோ ரிம்முக்கும் ஒரு பியெசோவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சுவிட்ச் மூடுவதை அது அடியாகவே எடுத்துக்கொள்ளாது. ரோலண்ட் பேடை யமஹாவின் பழைய மாட்யூலில் மாட்டினாலும் இதே கதை தலைகீழாக நடக்கும்.

ஒரு வழி இருக்கிறது. ரோலண்ட் மாட்யூல்கள் பலவற்றில் பேட் வகையை மாற்றி, சுவிட்ச் முறை ரப்பர் பேடுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்படிச் செய்தால் ரிம்மில் ஒரு பகுதியாவது உயிர் பெற வாய்ப்பு உண்டு. ஆனால் ஸ்னேர் துளையில் இந்த வகையை ஏற்காத மாட்யூல்களும் உண்டு, அப்போது கூடுதல் துளையில் மாட்டிப் பாருங்கள். நண்பர் சும்மா தருகிறார் என்றால் வாங்கி வந்து ஒரு சாயங்காலம் சோதித்துவிடுங்கள். காசு கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்பேன், அதற்குப் பதில் உங்கள் மாட்யூலோடு ஒத்துப்போகிற பேடையே தேடுவது மேல்.

கேள்வி: யுஎஸ்பி கேபிளில் மாட்டும் டிஜிட்டல் ஸ்னேர் ஒன்று பார்த்தேன். என் மாட்யூலில் யுஎஸ்பி துளை இருக்கிறது. வேலை செய்யுமா?

செய்யாது. நீங்கள் சொல்லும் துளை கணினியோடு இணைக்க அல்லது பாட்டுகளை ஏற்றிக்கொள்ள வைத்தது. ரோலண்டின் பிடி-140டிஎஸ் போன்ற டிஜிட்டல் ஸ்னேருக்கு, அதற்கென்றே தனி டிஜிட்டல் டிரிக்கர் துளை கொண்ட மாட்யூல் வேண்டும். டிடி-50, டிடி-27 ஆகியவற்றில் அது இருக்கிறது, டிடி-17இல் இல்லை. அந்தப் பேடில் பல சென்சார்கள் ஒன்றாக வேலை செய்கின்றன, ஹெட்டின் மேல் கை இருப்பதைக்கூடத் தொடு உணர்வால் கண்டுபிடித்து கிராஸ் ஸ்டிக்கைத் தானாகப் பிரிக்கும். அருமையான சாமான்தான், மறுக்கவில்லை. அதற்காக மாட்யூலையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அது ஸ்னேர் மாற்றம் ஆகாது, கிட் மாற்றம்.

கேள்வி: புது 12 இன்ச் மெஷ் பேட் மாட்டினேன். ஓங்கி ஒரு அடி அடித்தால் சில நேரம் இரண்டு சத்தம் வருகிறது. மெதுவாக அடிக்கும் கோஸ்ட் நோட் சுத்தமாகக் கேட்பதில்லை. நடுவில் மட்டும் சத்தம் அதிகம். பேட் பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மாட்யூலைத் தொடுமுன் ஹெட்டை இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்த மெஷ், அடித்த பிறகும் துள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் துள்ளலை மாட்யூல் இரண்டாவது அடி என்று எடுத்துக்கொள்கிறது. முதலில் எல்லாத் திருகுகளையும் விரலால் மட்டும் இறுக்கி, பிறகு சாவியால் ஒன்றுக்கு எதிரே உள்ளதைக் கால் சுற்று, அடுத்ததற்கு எதிரே உள்ளதைக் கால் சுற்று என்று நட்சத்திரம் வரைவது போலப் போக வேண்டும். வரிசையாக வட்டமாக இறுக்கினால் ஹெட் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். குச்சி நிஜ ஸ்னேரில் எழும்புவது போல எழும்பினால் போதும். கல் மாதிரி ஆகும் வரை இறுக்கினால் கூம்பு அமுங்கி அதன் பங்குக்கு வேறு தொல்லை தரும்.

அப்புறம் மாட்யூலில் பேட் வகையைச் சரியான மாடலுக்கு மாற்றுங்கள். பழைய 8 இன்ச் பேடுக்கான அமைப்பிலேயே புதியதை ஓட்டுகிறவர்கள் ஏராளம். உங்கள் மாடல் பெயர் இல்லாவிட்டால் அளவிலும் வகையிலும் நெருங்கியதைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருப்பதைத்தான் எண்களால் சரி செய்ய வேண்டும், அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். முதலில் சென்சிட்டிவிட்டி: உங்களால் முடிந்த மட்டும் ஓங்கி அடிக்கும்போது மட்டும் அளவுகோல் உச்சத்தைத் தொட வேண்டும், சாதாரண அடிக்கே உச்சமான 127ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஓங்கி அடித்தாலும் வித்தியாசமே கேட்காது. அடுத்து திரெஷோல்ட், அதாவது எவ்வளவு சிறிய சிக்னலுக்குக் கீழே போனால் மாட்யூல் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்ற எல்லை. உங்கள் கோஸ்ட் நோட்டை விழுங்குவது இதுதான் என்பது என் சந்தேகம். அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். டாமையோ கிக்கையோ அடிக்கும்போது ஸ்னேர் தானாகச் சத்தம் போட ஆரம்பித்தால் ஒரு படி ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள்.

இரட்டைச் சத்தத்துக்கு மாஸ்க் டைம், ரீடிரிக்கர் கேன்சல் என்று இரண்டு இருக்கும். மாஸ்க் டைம் என்றால் ஒரு அடி வந்தபின் இத்தனை மில்லிசெகண்டுக்கு வேறு எதையும் கேட்காமல் இருப்பது. அதைத் தாராளமாக ஏற்றிவிட்டால் இரட்டைச் சத்தம் போய்விடும், கூடவே உங்கள் ரோலும் (இடைவிடாத வேக அடி) போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தட்டு) முப்பத்திரண்டாம் நோட்டுகளுக்கு நடுவில் 62.5 மில்லிசெகண்ட். 200 டெம்போவில் அது 37.5. டபுள் ஸ்ட்ரோக்கில் (ஒரே கையின் அடுத்தடுத்த இரண்டு அடி) இரண்டாவது அடி பலருக்குக் கொஞ்சம் முந்தி விழும், ஃபிளாம் (இரு கையும் ஏறக்குறைய ஒன்றாக அடிப்பது) இன்னும் நெருக்கம். அதனால் மாஸ்க் டைமைச் சின்னதாக வைத்துக்கொண்டு மிச்ச வேலையை ரீடிரிக்கர் கேன்சலிடம் விடுங்கள். அது சிக்னல் தணிந்துவரும் விதத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது, கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதையும் அளவுக்கு மேல் ஏற்றினால் வேகமான அடிகள் காணாமல் போகும்.

நடுவில் சத்தம் அதிகம் என்பது மட்டும் முழுதாகப் போகாது. நடுவில் கூம்பு வைத்த எல்லாப் பேடிலும், நேராகக் கூம்பின் தலையிலேயே அடித்தால் அது உரக்கத்தான் பேசும். ஹெட்டை நன்றாக இழுத்துக் கட்டினால் குறையும். சென்சாரை ஓரமாக வைத்தோ பல சென்சார் வைத்தோ இதைத் தவிர்க்கும் பேடுகள் உண்டு. என்னைக் கேட்டால் சரியாக நடுமையத்திலிருந்து ஒரு விரலளவு தள்ளி அடித்துப் பழகிக்கொள்வதே சுலபம்.

கேள்வி: மகன் ரப்பர் பேட் கிட்டில் பழகுகிறான். ஸ்னேரை மட்டும் மெஷ்ஷாக மாற்றினால் மணிக்கட்டு வலி குறையும், சத்தமும் குறையும் என்று அவனுடைய மாஸ்டர் சொல்கிறார். உண்மையா? கீழ்வீட்டில் ஏற்கெனவே குறை சொல்கிறார்கள்.

மாஸ்டர் சொல்வது சரிதான் அம்மா. கடினமான பேடில் அடித்தால் அடியின் அதிர்ச்சி குச்சி வழியே கைக்கே திரும்பி வரும். 1981இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5இன் அறுகோணப் பேடுகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆனவை, பார்க்க அட்டகாசம், வாசித்தவர்களுக்கு மணிக்கட்டும் முழங்கையும் வலி. பிறகு ரப்பர் வந்தது, 1997இல் ரோலண்டின் டிடி-10 கிட்டோடு மெஷ் ஹெட் வந்தது. அதிகம் அடிக்கப்படுவது ஸ்னேர் என்பதால் அதை மட்டும் மாற்றினாலே கைக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் வலி ஏற்கெனவே தொடர்ந்து இருக்கிறது என்றால் பேடை மட்டும் நம்பாமல் குச்சியைப் பிடிக்கும் விதத்தை மாஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

கீழ்வீட்டு விஷயம் வேறு. அறைக்குள் கேட்கும் டப் டப் சத்தம் மெஷ்ஷில் நன்றாகக் குறையும், ரிம்மில் அடிப்பது மட்டும் முன்போலவே கேட்கும். கீழே கேட்பதில் பெரும்பங்கு காற்றில் போவதல்ல, கிட்டின் கால்கள் வழியே தரைக்குள் இறங்கும் அதிர்வு. அதில் முதல் குற்றவாளி கிக் பெடல். ஸ்னேரை மாற்றிவிட்டு, குறை சொல்வது நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிட் முழுவதையும், குறிப்பாகக் கிக்கையும் பெடலையும், அதிர்வைத் தாங்கும் மெத்தென்ற அடுக்குக்கு மேல் ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். அதை முதலில் செய்துவிட்டு ஸ்னேரை அப்புறம் வாங்கினாலும் நஷ்டமில்லை.

ஒன்று கேட்டுவிட்டு வாங்குங்கள்: ஸ்னேர் துளை மெஷ் பேடை ஏற்குமா? ரப்பர் கிட்டோடு வரும் சில மாட்யூல்களில் மெஷ்ஷுக்கான அமைப்பே இருக்காது. அப்படிப்பட்டதில் மாட்டினால் மேலே இன்னொரு வாசகர் பட்ட அவஸ்தையெல்லாம் படவேண்டிவரும், சரி செய்ய எண்களும் கிடைக்காது.

கேள்வி: வீட்டில் பழைய 14 இன்ச் மர ஸ்னேர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே எலெக்ட்ரானிக் ஸ்னேராக மாற்ற முடியுமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் ரிம், உயரம், எடை எல்லாம் நிஜமானவை, கை உடனே அதை ஸ்னேர் என்று ஒத்துக்கொள்கிறது.

மேல் ஹெட்டைக் கழற்றி 14 இன்ச் மெஷ் ஹெட் போடுங்கள், இரண்டு அடுக்கு அல்லது மூன்று அடுக்கு மெஷ் என்றால் துள்ளல் குறைவு. அடியில் உள்ள ஸ்னேர் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஹெட்போனுக்கு வெளியே அது தனியாகக் கரகரத்துக்கொண்டிருக்கும். அடியைப் பிடிக்கும் சென்சாருக்கு, அதாவது டிரிக்கருக்கு, இரண்டு வழி. ரிம்மில் கவ்விக்கொள்ளும் டிரிக்கர்: ரோலண்டின் ஆர்டி-30எச்ஆர் ஹெட், ரிம் இரண்டையும் பிடிக்கும், துளை போட வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் பழைய ஸ்னேராக மாற்றிக்கொள்ளலாம். சென்சார் ஓரத்தில் இருப்பதால் அதற்கு அருகே அடிக்கும்போது சத்தம் கூடும். அதைக் கை போகாத பக்கமாக, உங்களுக்கு எதிர்ப்புறம் திருப்பி வையுங்கள். இன்னொன்று, உள்ளே ஒரு குறுக்குத் தகடு வைத்து நடுவில் கூம்பு பொருத்துவது. இது சொந்தமாகச் சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்களின் விளையாட்டு, செலவு கம்மி, பலன் நன்றாகவே இருக்கும். ஹெட் இல்லாத நிலையில் கூம்பின் தலை ஷெல்லின் (டிரம்மின் உடம்பு) விளிம்பைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் உயர்ந்து நிற்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் நடுவில் குமிழி தட்டும், தாழ்ந்தால் மெதுவான அடி போய்ச்சேராது. ஸ்பான்ஞ்ச் நாளாவட்டத்தில் அமுங்கும், அதை மாற்றுகிற மாதிரி ஒட்டுங்கள்.

ரிம்மில் ரப்பர் உறை போட மறக்காதீர்கள். உறை இல்லாத இரும்பு ரிம்மில் ராத்திரி ஒரு ரிம்ஷாட் அடித்தால் வீடே எழுந்து உட்காரும்.

கேள்வி: வேகமாக ரோல் வாசித்தால் எல்லா அடியும் ஒரே மாதிரி, இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கிறது. நல்ல ஸ்னேர் பேட் வாங்கினால் மாறுமா?

மாறாது. ஒரே பலத்துக்கு ஒரே ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப இசைக்கும் மாட்யூல் அப்படித்தான் ஒலிக்கும், பேடுக்கு அதில் பங்கில்லை. பேட் வாங்க வைத்திருக்கும் காசில், மாட்யூலை யுஎஸ்பியால் கணினியோடு இணைத்து ஒரு டிரம்ஸ் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பலத்துக்கும் பல பதிவுகளை வைத்து மாற்றி மாற்றி இசைப்பதால் ரோல் ரோலாகக் கேட்கும். கணினியின் தாமதத்தைக் குறைக்க ஆடியோ பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைக்கும் இடைத்தேக்கம்) 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லிசெகண்டுக்குள். மொத்தத் தாமதம் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், என்றாலும் கைக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டுவரலாம். ரிம்ஷாட்டுக்கு மென்பொருளில் கிராஸ் ஸ்டிக் கேட்டால் பயப்படாதீர்கள். ஜெனரல் மிடி என்ற பொது எண் முறையில் ஸ்னேருக்கு 38, கிராஸ் ஸ்டிக்குக்கு 37. பல மாட்யூல்கள் ரிம்ஷாட்டுக்கு 40ஐ அனுப்பும். மென்பொருளில் அந்த எண்ணுக்கு எந்தச் சத்தம் ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்து மாற்றினால் போதும்.

கேள்வி: புதுப் பேடை ரேக்கிலேயே மாட்டலாமா, தனி ஸ்டாண்ட் வேண்டுமா? பழைய 8 இன்ச்சை என்ன செய்வது?

தனி ஸ்டாண்ட். ரேக்கில் மாட்டினால் அங்கே அடிக்கிற ஒவ்வொரு டாமும் ஸ்னேரை உலுக்கும், அதை அடக்க திரெஷோல்டை ஏற்றுவீர்கள், கோஸ்ட் நோட் போய்விடும். தனியாக நின்றால் அந்த வம்பே இல்லை, உயரத்தையும் சாய்வையும் கைக்கேற்ப வைக்கலாம். வாங்குமுன் ஸ்டாண்டின் கைகள் உங்கள் பேட் அளவுக்குக் குறுகுமா என்று பாருங்கள், 14 இன்ச்சுக்குச் செய்த எல்லா ஸ்டாண்டும் 10 இன்ச்சைப் பிடிக்காது.

பழைய பேடை விற்காதீர்கள். மாட்யூலில் கூடுதல் துளை ஒன்று சும்மா இருந்தால் ஹை-ஹாட்டுக்கு இடதுபுறம் இரண்டாவது ஸ்னேராக மாட்டி, ஒரு கைதட்டல் சத்தமோ உயர்ந்த சுருதியில் இன்னொரு ஸ்னேரோ வைத்துக்கொள்ளலாம். அந்தத் துளை மோனோ என்றால் ரிம் கிடைக்காது, அதனால் என்ன, ஹெட் ஒன்றே போதும்.